சென்னிமலைப் பெட்ஷீட்டும் ‘கவிதா’ சாட்பாட்டும்: ஏஐ என்று எங்கே, எப்படிச் சொல்வது?

கேள்வி: சென்னிமலைப் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் பெட்ஷீட், துண்டு, பவானி ஜமக்காளம் வாங்கி வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கிறோம். போன வருசம் ஒருவர் ‘கவிதா’ என்ற பெயரில் சாட்பாட் போட்டுக் கொடுத்தார். நம்ம ஊர்ப் பேச்சிலேயே பதில் சொல்கிறது. பெட்ரூம் படங்களை ஏஐயில்தான் செய்கிறோம். ஒரு பாட்டி குழித்தறியில் உட்கார்ந்து ‘அறுவது வருசமா நெய்யறனுங்க’ என்று சொல்லும் வீடியோவும் ஏஐதான். அதைப் பார்த்துத்தான் ஆர்டர் அதிகம் வருகிறது. ஜமக்காளம் கைத்தறி, பெட்ஷீட் பெரும்பாலும் விசைத்தறி. இப்போது சாட்பாட் போட்டுக் கொடுத்த அதே ஆள், ‘படத்தில் 10 சதவீதம் லேபிள் போடச் சொல்லிச் சட்டம் வந்துவிட்டது, 25,000 ரூபாய்க்கு சாப்ட்வேர் வாங்குங்கள், இல்லாவிட்டால் கணக்கை முடக்கிவிடுவார்கள்’ என்கிறார். எங்கள் சரக்கை ஜெர்மனிக்கு அனுப்பும் கரூர் ஏற்றுமதியாளர், ஏஐ படங்கள் பற்றிக் கையெழுத்திட்ட கடிதம் கேட்கிறார். ‘மெஷின் பேசுதுன்னு சொன்னா பாதிப் பேர் போயிருவாங்க’ என்பது வீட்டுக்காரர் கட்சி. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
(பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி, ஈரோடு மாவட்டம்)

பதில்: முதல் வேலை, அந்த 25,000 ரூபாயைக் கொடுக்காமல் இருப்பது. அவர் சொல்லும் 10 சதவீதம் ஒரு வரைவில் இருந்தது. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2025 அக்டோபர் 22 அன்று கருத்துக் கேட்பதற்காக வெளியிட்ட வரைவு அது. படமென்றால் பரப்பில் குறைந்தது 10 சதவீதம், ஒலியென்றால் தொடக்கத்தில் 10 சதவீத நேரம் லேபிளுக்குப் போக வேண்டும் என்றது. உங்கள் இன்ஸ்டாகிராம் படம் 1080-க்கு 1350 புள்ளி (பிக்சல்) என்றால், முழு அகலத்துக்கு 135 புள்ளி உயரமுள்ள பட்டை. பெட்ஷீட்டின் பார்டரே அதற்குள் மறைந்துவிடும். எதிர்ப்பு வந்தது. 2026 பிப்ரவரி 10 அன்று அறிவிக்கப்பட்டு பிப்ரவரி 20 முதல் நடைமுறைக்கு வந்த இறுதி விதியில் அந்த அளவுக் கணக்கு இல்லை. கண்ணில் எளிதாகப் படும்படி லேபிள் வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டது. வரைவைப் படித்தவர்களில் பலர் இறுதி விதியைப் படிக்காமலே வியாபாரத்துக்குக் கிளம்பிவிட்டார்கள்.

அடுத்து, அந்த விதி யாரைக் கட்டுகிறது என்று பாருங்கள். ஏஐ படம் செய்து தரும் செயலிகள் லேபிளும், படக்கோப்புக்குள் அது ஏஐ என்று காட்டும் அடையாளமும் பதிக்க வேண்டும். 50 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள பெரிய தளங்கள், பதிவேற்றுகிறவரிடம் ‘இது செயற்கையாக உருவாக்கியதா’ என்று கேட்டு, சொன்னது சரியா என்று தாங்களும் சோதித்து, லேபிள் காட்ட வேண்டும். உங்கள் பங்கு, அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்வது. இன்ஸ்டாகிராமில் பதிவேற்றும் முன் கூடுதல் அமைப்புகளுக்குள் ஏஐ லேபிள் என்று ஒரு பொத்தான் இருக்கிறது; அதைத் தட்ட ஒரு பைசா செலவில்லை. மறைத்துப் போட்டு மாட்டினால் பதிவு போகும், கணக்கும் போகலாம். அரசு ஆணையோ நீதிமன்ற ஆணையோ வந்தால் 3 மணி நேரத்தில் தளம் அதை நீக்கியாக வேண்டும்; முன்பு 36 மணி நேரம் இருந்தது. உங்கள் விளக்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்க அவர்களுக்கு நேரமிருக்காது.

எதற்கு லேபிள், எதற்கு வேண்டாம்? நிஜ மனிதர் போலவோ நிஜ நிகழ்வு போலவோ தோன்றி, பார்ப்பவர் வேறுபடுத்த முடியாதபடி இருக்கும் படம், ஒலி, வீடியோ, இவைதான் விதியின் இலக்கு. நீங்களே செல்போனில் எடுத்த பெட்ஷீட் படத்தில் வெளிச்சம் கூட்டுவது, ஓரம் வெட்டுவது, சாயம் நேரில் இருப்பது போலத் தெரிய நிறம் திருத்துவது எல்லாம் சாதாரணத் திருத்தம், லேபிள் தேவையில்லை.

இப்போது பாட்டிக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது அந்த வீடியோதான். லேபிள் போட்டாலும் அது தப்பாது. இல்லாத ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்லிச் சரக்குக்குச் சாட்சி சொல்கிறார். தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022-இல் வந்த வழிகாட்டு நெறிகள், பரிந்துரை என்றால் அது பரிந்துரைப்பவரின் உண்மையான கருத்தாக இருக்க வேண்டும் என்கின்றன. இல்லாத பாட்டிக்கு ஏது கருத்து? அதைவிடப் பெரிய சிக்கல் தறி. திரையில் குழித்தறி, பார்சலில் விசைத்தறி பெட்ஷீட். ஏஐ வருவதற்கு முன்பே இது போங்குதான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. போதாக்குறைக்கு, 1985-ஆம் ஆண்டுச் சட்டம் கைத்தறிக்கென ஒதுக்கிய 11 வகைகளில் படுக்கை விரிப்பும் ஜமக்காளமும் இருக்கின்றன. உங்கள் பெட்ஷீட் ரகம் அதற்குள் வருகிறதா என்று கைத்தறித் துறை அலுவலகத்தில் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அது வேறு கதை.

பாட்டி வீடியோவை இன்றே நீக்கிவிடுங்கள். நீக்கியதை மறைக்காமல், நகலும் நீக்கிய தேதியும் உங்களிடம் இருக்கட்டும். பதிலுக்கு, உங்களுக்கு ஜமக்காளம் நெய்து தரும் பவானி நெசவாளர் ஒருவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, 30 விநாடி நிஜமாக எடுங்கள். அவர் கூச்சப்பட்டால் முகமே வேண்டாம். இரண்டு கையும், நாடா ஓடுவதும், தறிச் சத்தமும் போதும். அதை ஜமக்காளத்துக்கு மட்டும் போடுங்கள். பெட்ஷீட் பக்கத்தில் போட்டால் மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிடுவோம்.

பெட்ரூம் படங்கள் அவ்வளவு மோசமில்லை. ஆனால் இங்கே ஒரு நுட்பம். ஜன்னல், கட்டில், சுவர் எல்லாம் பொய்யாக இருக்கலாம், லேபிள் அதற்குப் போதும். துணி பொய்யாக இருந்தால் எந்த லேபிளும் காப்பாற்றாது. உங்கள் பெட்ஷீட் படத்தைக் கொடுத்து ‘கட்டிலில் விரி’ என்றால், ஏஐ அதை விரிப்பதில்லை, புதிதாக வரைகிறது. வரையும்போது அது வழக்கமாக இடறும் இடங்கள் உண்டு. ஒரு முழப் பார்டர் முக்கால் முழமாகும். கட்டங்களின் எண்ணிக்கை மாறும். நெசவிலேயே வரும் ஜக்கார்டு பூ ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வராமல், ஒவ்வொரு பூவும் கொஞ்சம் வேறாக இருக்கும். ஓரத் தையலும் குஞ்சமும் காணாமல் போகும். எல்லாவற்றையும் விட, தடித்த பருத்தித் துணி பட்டுப் போல் வழுக்கி மடிந்து கிடக்கும். வாங்குகிறவர் கண் அந்த மடிப்பைப் பார்த்துத்தான் மென்மையை முடிவு செய்கிறது. பார்சல் பிரித்ததும் ‘படத்துல வேறயா இருந்துச்சே’ என்பது அங்கிருந்துதான் வருகிறது.

ஆகவே நிஜத் துணியைத் தரையில் விரித்து, பக்கத்தில் ஓர் இஞ்ச் டேப் வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒரு படம். பார்டரும் ஓரத் தையலும் தெரிய நெருக்கத்தில் இன்னொன்று. ஏஐ படத்தை இந்த இரண்டோடும் வைத்து பார்டர் அகலம், கட்ட எண்ணிக்கை, பூ வரிசை, ஓரம், நிறம் என்று ஐந்தையும் ஒப்பிட்டு, ஒன்று தவறினாலும் அந்தப் படத்தைத் தூக்கிப் போடுங்கள். இன்னும் நல்ல வழி, துணியை நிஜமாகவே உங்கள் கட்டிலில் விரித்துப் படமெடுத்து, சுற்றியுள்ள அறையை மட்டும் ஏஐயில் மாற்றுவது. அப்போதும் லேபிள் போடுங்கள். துணி பிழைக்கும்.

லேபிளை விளக்க வரியில் மட்டும் எழுதினால் பயனில்லை. உங்கள் வாடிக்கையாளர்கள் படத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டு ‘இது எடுக்கலாமா’ என்று கேட்பவர்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது கோப்புக்குள் இருந்த அடையாளமும் உதிர்ந்துவிடும். எனவே படத்தின் மேலேயே எழுதுங்கள்: ‘ஏஐ உருவாக்கிய அறை. துணியின் நிஜப் படம் அடுத்து.’ எழுத்து, 1080 புள்ளி அகலப் படத்தில் குறைந்தது 40 புள்ளி உயரம், பின்னால் ஒரே நிறப் பட்டை. ரீல்ஸில் அடிப்பகுதியை விளக்கமும் பொத்தான்களும் மூடிவிடும்; இடது பக்கம், மேலிருந்து ஏழில் ஒரு பங்கு இறக்கி வையுங்கள். ஏஐயிடமே தமிழில் எழுதித் தரச் சொல்லாதீர்கள், கொம்பும் காலும் இடம் மாறி வரும். சாதாரணத் திருத்தச் செயலியில் நீங்களே தட்டச்சு செய்வது மேல்.

இனி கவிதா. நம் நாட்டு விதி படம், ஒலி, வீடியோவைப் பற்றித்தான் பேசுகிறது. எழுத்தில் பதில் தரும் சாட்பாட் ‘நான் மெஷின்’ என்று சொல்லியாக வேண்டும் என்ற தனி வரி அதில் இல்லை. வெளிநாட்டில் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல், விற்பனைக்காகவோ வாக்குக்காகவோ மனிதர் போல் நடித்து ஏமாற்றும் சாட்பாட்டுகளுக்குத் தடை. அங்கேயே யூட்டா மாநிலம் 2024 மே மாதத்தில் கொண்டுவந்தது, கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்ற பாணி. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம், பார்த்தாலே தெரிகிற இடம் தவிர மற்ற இடங்களில், பேசுவது ஏஐ என்று தெரியப்படுத்தச் சொல்கிறது. ‘அப்போ நமக்கு இல்லையே’ என்று உங்கள் வீட்டுக்காரர் சந்தோஷப்பட வேண்டாம். கவிதா பொய் சொல்லி விற்றால், அதைப் பிடிக்க நுகர்வோர் சட்டமே போதும். ‘பாட் சொன்னது, நாங்கள் சொல்லவில்லை’ என்ற வாதம் கனடாவில் ஏற்கெனவே தோற்றது. ஏர் கனடாவின் சாட்பாட் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொன்னதற்கு, 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியத் தீர்ப்பாயம் நிறுவனத்தையே பணம் கட்டச் சொன்னது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டாது. ஆனால் நம் ஊர் நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் வேறு என்ன வாதம் வைக்கப் போகிறீர்கள்?

கவிதாவின் தனிச் சிக்கல் அது பேசும் பேச்சு. ஆங்கிலத்தில் பதில் வந்தால் யாரும் மெஷின் என்றே நினைப்பார்கள். ‘வாங்க, சொல்லுங்க, எத்தனை பீஸுங்க வேணும்’ என்று வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? நம் பக்கம் பேச்சு தொடங்குவதே ‘நீங்க எந்த ஊருங்க’ என்றுதான். இன்றைக்கே வேறு ஒரு எண்ணிலிருந்து கவிதாவிடம் இந்த நாலையும் கேட்டுப் பாருங்கள்: ‘அக்கா நீங்க எந்த ஊருங்க?’, ‘கடைக்கு வந்தா இருப்பீங்களா?’, ‘நீங்க ஆளுங்களா மிஷினுங்களா?’, ‘இந்த பெட்ஷீட் உங்க வீட்டுல போட்டிருக்கீங்களா?’ கவிதா போன்ற பாட்டுகளை இயக்கும் ஏஐ மொழி மாதிரிகள் கேட்டவர் மனம் கோணாமல் பதில் சொல்லப் பழக்கப்பட்டவை. தடுத்து வைக்காவிட்டால் ‘எனக்குப் பெருந்துறைங்க, எங்க வீட்டுலயும் இதேதான்’ என்று சொல்லிவிடும். அந்த ஒரு வரி போதும், வழக்குக்கு.

வரவேற்புச் செய்தி இப்படி இருக்கலாம்: ‘வணக்கமுங்க. நான் கவிதா. ஆள் இல்லீங்க, கடையோட கம்ப்யூட்டர் உதவியாளர். விலை, அளவு, இருப்பு சொல்லுவேன். கடைக்காரங்க கிட்டப் பேசணும்னா ‘ஆள்’னு அனுப்புங்க, காலை 9 முதல் இரவு 8 வரைக்கும் கூப்பிடுவாங்க.’ பெயரை மாற்றத் தேவையில்லை. முகப்பில் ஒரு பெண்ணின் முகம் இருந்தால் அதை எடுத்துவிட்டுக் கடைச் சின்னத்தை வையுங்கள்.

இந்தச் செய்தியை எழுதியதோடு வேலை முடிந்தது என்று விடுவதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியின் வரவேற்புச் செய்தி, முதல்முறை எழுதுகிறவருக்கும் 14 நாள் பேச்சில்லாமல் இருந்து திரும்ப வருகிறவருக்கும்தான் போகும். பத்து நாளைக்கு ஒருமுறை துண்டு கேட்கும் பழைய வாடிக்கையாளர், பாட் வருவதற்கு முன்பிருந்தே பேசுகிறவர், அதைப் பார்க்கவே மாட்டார். அவர் இன்னமும் உங்களோடு பேசுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். விளம்பரத்தைத் தட்டி வருகிறவருக்கு, முன்கூட்டியே எழுதி வைத்த கேள்விக்கு பாட் நேராகப் பதில் சொல்லி வரவேற்பைத் தாண்டிவிடலாம். எனவே சாட்பாட் அமைத்தவரிடம் ‘24 மணி நேர இடைவெளிக்குப் பின் வரும் முதல் பதிலில் ‘தானியங்கி பதில்’ என்ற இரண்டு சொல் எப்போதும் இருக்க வேண்டும்’ என்று எழுத்தில் கேளுங்கள். பில் தொகை சொல்லும் செய்தியிலும் அது இருக்கட்டும்.

வயதானவர்கள் எழுத மாட்டார்கள், குரல் பதிவுதான் அனுப்புவார்கள். கவிதாவும் குரலில் பதில் சொன்னால், அது ஒலி என்பதால் மேலே சொன்ன விதிக்குள் வருகிறது. ‘இது கம்ப்யூட்டர் குரலுங்க’ என்று பதிவின் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். கடைசியில் சொன்னால் பாதியில் நிறுத்துகிறவர் காதில் விழாது. யாரோ ஒருவரின் நிஜக் குரலை நகலெடுத்துச் செய்த குரலாக இருந்தால் அவருடைய எழுத்துச் சம்மதம் இல்லாமல் தொடாதீர்கள்.

‘ஆள்’ என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். ‘ஓனர்’, ‘யாராச்சும் இருக்கீங்களா’, ‘போன் பண்ணுங்க’, ஆங்கில எழுத்தில் அடிக்கும் தமிழ், இவை எல்லாமே மனிதரிடம் போக வேண்டும். மனிதரிடம் மாற்றிவிடத் தெளிவான வழி இருக்க வேண்டும் என்று வாட்ஸ்அப் பிசினஸ் கொள்கையே சொல்கிறது. விலை, தள்ளுபடி, அனுப்பும் தேதி, சாயம் போகாது என்ற உறுதி, கைத்தறியா விசைத்தறியா, இவற்றைக் கவிதா தன் ‘அறிவிலிருந்து’ சொல்லக் கூடாது. நீங்கள் கொடுத்த பட்டியலில் இருந்தால் சொல்லட்டும். இல்லையென்றால் ‘கடைக்காரங்களைக் கேட்டுச் சொல்லச் சொல்றேனுங்க’. ‘இன்னும் ரெண்டு பீஸ்தானுங்க இருக்கு’ என்று சொல்லும்படி அமைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். கிடங்கில் இருநூறு இருக்கும்போது அப்படிச் சொல்வது, 2023 நவம்பரில் வெளியான ‘இருண்ட வடிவ’ (டார்க் பேட்டர்ன், அதாவது வாங்குபவரை ஏமாற்றும் இணைய உத்திகள்) வழிகாட்டு நெறிகள் பட்டியலிட்ட 13 தந்திரங்களில் ஒன்றான பொய் அவசரம்.

உரையாடல் பதிவுகளை இரண்டு வருடம் வையுங்கள். நுகர்வோர் புகார் கொடுக்கச் சட்டம் தரும் காலம் அதுதான். சென்னையில் இருப்பவர் சென்னையிலேயே புகார் கொடுக்கலாம். சென்னிமலையிலிருந்து நீங்கள்தான் அதற்குப் பதில் சொல்லப் போக வேண்டியிருக்கும். கவிதாவுக்குக் கொடுத்த கட்டளைகளை மாற்றும்போதெல்லாம் பழையதைத் தேதி போட்டு எடுத்து வையுங்கள், எந்தப் பதில் எந்தக் கட்டளையால் வந்தது என்று அப்போதுதான் தெரியும். பெயர், முகவரி, போன் எண் எந்த ஏஐ நிறுவனத்துக்குப் போகிறது என்றும் அமைத்தவரிடம் கேட்டு வையுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வந்தன; முக்கியக் கடமைகளுக்குக் கொடுத்த 18 மாத அவகாசம் 2027 மே மாதத்தில் முடிகிறது.

பாதிப் பேர் போய்விடுவார்கள் என்ற பயத்துக்கு என் பதில் சின்னது. இரவு 11 மணிக்கு 60-க்கு 90 பெட்ஷீட் விலை கேட்பவருக்கு, யார் சொன்னது என்பதைவிடச் சரியாகச் சொன்னதா என்பது முக்கியம். போகிறவர், ‘ஆள்’ என்று அனுப்பிவிட்டு மறுநாள் மதியம் வரை போன் வராதவராக இருப்பார்.

கடைசியாகக் கரூர்க் கடிதம். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஐரோப்பிய ஏஐ சட்டத்தின் 50-ஆம் பிரிவு நடைமுறைக்கு வர 2026 ஆகஸ்ட் 2 என்று தேதி குறித்திருக்கிறார்கள். நிஜம் போலத் தோன்றும் ஏஐ படத்தைப் பயன்படுத்துகிறவர் அதைச் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. அந்தக் கடமை ஜெர்மனி வாங்குபவரோடு நிற்காது. ஏஐ தந்த படம் ஐரோப்பாவில் பயன்பட்டால் வெளிநாட்டில் இருப்பவரையும் தொடும்படிதான் எழுதியிருக்கிறார்கள். மீறினால் 1.5 கோடி யூரோ அல்லது உலக விற்றுமுதலில் 3 சதவீதம் வரை அபராதம். சிறு நிறுவனங்களுக்கு இரண்டில் குறைந்தது எதுவோ அது உச்சவரம்பு.

கடிதத்தில் ஒவ்வொரு படத்தின் கோப்புப் பெயரையும் எழுதி, எதிரே ‘ஏஐ இல்லை’, ‘அறை மட்டும் ஏஐ’, ‘முழுவதும் ஏஐ’ என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். எந்தச் செயலி, எந்தத் தேதி என்பதும் வேண்டும். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் மின்னஞ்சலிலோ டிரைவிலோ மூலக்கோப்பாகவே அனுப்புங்கள். உள்ளே பதிந்த அடையாளம் போனால் அவர்கள் சோதனையில் உங்கள் கடிதமே பொய் போலத் தெரியும். அவர் தயாராக ஒரு வாசகம் அனுப்பி, அதில் ‘ஏஐ தொடர்பாக எழும் எல்லா அபராதத்தையும் சரக்குக் கொடுத்தவரே ஏற்பார்’ என்று ஒரு வரி இருந்தால் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘மேலே உள்ள பட்டியல் தவறாக இருந்தால், அந்தப் படங்களுக்கு மட்டும், அந்தச் சரக்கின் பில் தொகை வரை’ என்று திருத்திக் கேளுங்கள். நீங்கள் கொடுத்த படத்தின் லேபிளை ஜெர்மனியில் யாராவது வெட்டிப் போட்டால், அதற்கு நீங்கள் பணம் கட்டுவதாக எழுதிக் கொடுக்க ஒரு காரணமும் இல்லை.